பெயர் சொல்லாத சகோதரர்

எங்கள் ஆலய வாசலில் ஒரு ஜெப விண்ணப்பப் பெட்டி உண்டு. வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையில் அவற்றை வாசிப்பது என் கணவரின் பொறுப்பு. கிறிஸ்துமஸ் முடிந்த மறு மாதம் ஒரு ஞாயிறு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "சரீர சுகவீனத்தோடு இருக்கிற ஒரு சகோதரருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் ஜெபிப்போம்" என்று வாசித்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த வாரமும் அதே வேண்டுதல். அதற்கடுத்த வாரமும்.

முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்குப் பரிதாபம் ஒட்டிக்கொண்டது. வீட்டு ஜெபத்திலும் அவரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருநாள் போத்தனூர் கடைவீதியிலிருந்து திரும்பும்போது, வண்டியின் பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏனுங்க, அந்தச் சகோதரர் யாருங்க?"

"பேரு வேண்டாம்னு எழுதிப் போட்டவரு அம்மணி. நான் எப்படிச் சொல்றது?"

"அவரு சம்சாரத்துக்காவது தெரியுமாங்க? பாவம்."

"நீ நல்லா ஜெபம் பண்ணு. நீ கேட்டா ஆண்டவருக்கே தட்ட முடியாது" என்றார். சிரித்தார் என்றுதான் ஞாபகம்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் அவர் மெலிந்தார். ஆண்டுதோறும் அந்த நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடுதான். "பேண்டு நிக்க மாட்டேங்குதுங்க, ஆண்டவருக்கே பொறுக்காது" என்று நானே கேலி செய்து, பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். மே மாதம் அவரை அடக்கம் செய்தோம். கணையத்தில் புற்றுநோய். கடைசி எட்டு நாளில், மருத்துவமனையில்தான் எனக்குத் தெரிந்தது. திடீரென்று வந்தது என்றே நம்பினேன்.

மூன்றாம் நாள் வந்த ஆயரம்மா, எங்கள் சபை ஆயரின் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு மாசமா உபவாசமிருந்து கேட்டோமுங்க அம்மணி" என்று அழுதார்கள். "யாருக்காகங்க?" என்று கேட்டேன். அவர்கள் அழுகை சட்டென்று நின்றது. காபி ஆற்றிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார்கள். மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஆயர் வீட்டில் அவரே சொல்லி ஜெபிக்கக் கேட்டிருக்கிறார். மகள்தான் அப்பாவை ஸ்கேனுக்கு வண்டியில் கூட்டிப் போயிருக்கிறாள். "அம்மா தாங்க மாட்டா. யாருகிட்டயும் சொல்லாத" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். எங்கள் வீட்டில் 'சத்தியமா' என்ற சொல்லே கூடாது. உள்ளதைச் சொன்னால் போதும், சத்தியம் எதற்கு என்று அவளைச் சிறுவயதிலிருந்து திருத்தியவர் அவர். பம்ப் பவுண்டரியில் இருபத்தாறு வருடம் மேற்பார்வையாளராக இருந்தும், தொழிலாளி ஒருவரைக்கூட வாடா போடா என்று கூப்பிட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆளுக்கு முந்தி ரசம் வைப்பார். நல்ல கணவர், நல்ல தகப்பன். கல்லறையில் எல்லோரும் சொன்னது பொய்யில்லை. ஆனால் யாரோ ஒருவருக்காக நான் முழங்காலில் நின்று மன்றாடியபோது, பக்கத்தில் முழங்காலிட்டு "ஆமென்" சொன்னவரும் அவர்தான். அதை என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை.

ஜூலையில் மகள் வேலைக்காகச் சென்னை போனாள். அவளாவது என்னிடம் உண்மை சொல்வாளா என்பதுதான் அதன்பின் எனக்கு மிஞ்சிய ஒரே பயம். அவள் "ஒண்ணுமில்லீங்கம்மா" என்றால் நம்ப மாட்டேன். வீடியோவில் வரச்சொல்லிக் கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் அவளே வெடித்தாள்: "இப்படிக் குடைஞ்சீங்கன்னா நானும் அப்பா மாதிரி மறைக்கத்தாம்மா செய்வேன்." நான் தாங்க மாட்டேன் என்று இருவருமாகத் தீர்மானித்திருந்தார்கள். என்னைக் கேட்காமலே.

போன மாதம் ஒரு முற்பகல், அவள் கூப்பிட்டாள். "அம்மா, கழுத்துல ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்ங்கறாங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

"எந்தப் பக்கம் கண்ணு? வலிக்குதா? சரி. மத்தியான வண்டிக்கு வாரேன்."

"அழலயாம்மா நீங்க?"

"அழுதுக்கலாம் கண்ணு. அதுக்கு முந்தி வண்டியப் புடிக்கோணும்."

மறுநாள் ஆய்வகப் பெஞ்சில் அவளோடு நாலு மணி நேரம் காத்திருந்தேன். அவள் பயந்தாள், நான் பயந்தேன். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டோம். நடுவில் ஒரு டீயை வாங்கிப் பாதிப் பாதி குடித்தோம். சாதாரண நெறிகட்டிதான் என்று பிறகு தெரிந்தது.

ஆனால் அந்த நாலு மணி நேரமும் நான் தாங்கினேன். அவரோடும் இப்படித் தாங்கியிருக்க எனக்கு ஐந்து மாதம் இருந்தது. அதை அவர் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் இல்லையென்று சொல்லிவிட்டார்.