பஷீர் பாயின் பிஸ்கட் டப்பா

புதுச் செருப்புக்குள் கையை விட்டு, வார் உரசும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது உங்களக் கடிக்குமுங்க" என்கிறார் பஷீர் பாய். விற்கிற சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை பேசும் வியாபாரி ஒப்பணக்கார வீதியிலேயே வேறு இல்லை. சொன்ன கையோடு, எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய அந்தச் சின்னக் கடையின் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுக்கிறார். உள்ளே கலர் கலராகக் கேப்சூல்கள். ஒன்றை எடுத்துச் செருப்போடு சேர்த்துக் கொடுக்கிறார். கடித்த இடத்தில் உடைத்துத் தூவிக்கொள்ள வேண்டும். இலவசம்தான்.

டப்பாவில் இருப்பதெல்லாம் அவருடைய மிச்சங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பாய் ஒருநாளும் முழுசாகச் சாப்பிட்டதில்லை. காய்ச்சல் விட்டால் மாத்திரையையும் விட்டுவிடுவார். "செரியாப் போனப்புறமும் மருந்து திங்கறது பேராசைங்க. வேற யாருக்காச்சும் ஆகட்டும்" என்பார். அரைக்கிணறு தாண்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஊரார் பாதங்களை எல்லாம் உள்ளங்கையில் ஏந்தி அளவு சொன்னவர், தன் பாதத்தை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. சுகர் வந்து அது மரத்துப்போயே வெகுகாலம் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றியபோது, பக்கத்தில் நின்றவர்தான் ரத்தத்தைக் காட்டினார். செருப்பில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. செருப்புக்கடைக்காரர் காலிலேயே ஆணி. டாக்டரிடம் போகலாம் என்று மனைவி ஹபீபுன்னிசா கெஞ்சிப் பார்த்தார். "வலிச்சாத்தானே புண்ணு" என்று சொல்லிவிட்டு, பாய் டப்பாவைத் திறந்தார். தூவத் தூவ மேலே பொருக்குக் கட்டியது. அடியில் சீழ் வைத்தது.

ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா பார்த்தபோது பெருவிரல் கறுத்திருந்தது. சீழைச் சோதித்ததில், வழக்கமான மருந்துகள் எதுவும் அந்தக் கிருமிகளிடம் எடுபடவில்லை. எப்படி எடுபடும்? ஒவ்வொரு முறையும் பாதி அடி மட்டும் வாங்கித் தப்பித்து, மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள். பாய் தன் கையாலேயே பழக்கியவை. கடைசியில் ஏதோ ஒரு விலை உயர்ந்த ஊசிக்குத்தான் அடங்கின. அதற்குள் விரல் போய்விட்டது. இனி மருந்தைப் பாதியில் விட்டால் அடுத்தது பாதம்தான் என்று டாக்டரம்மா எச்சரித்தார். பாய் பணிவாகத் தலையாட்டினார். பல வருஷமாக அவர் கடையில் செருப்பு வாங்கும் எனக்கென்னவோ, கேள்விப்பட்டபோது அந்தப் பணிவுதான் பயமாக இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன அன்று ஊசி நின்று, கேப்சூலுக்கு மாறியிருந்தார்கள். நர்ஸ் இரண்டைக் கையில் கொடுத்தார். பாய் ஒன்றை விழுங்கித் தண்ணீர் குடித்தார். மற்றது கைக்குள்ளேயே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஈரோட்டுக்காரர் சின்னான், அவரும் சுகர்க்காரர், காலில் பழைய கட்டைப் பிரித்துவிட்டுப் புதுக் கட்டுக்காகக் காத்திருந்தார்.

"பாவமுங்க, காலு போயிருமோன்னு பயப்படறாரு" என்று என் காதோரம் சொன்னார் பாய்.

நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும், பாய் கட்டுப் போட்ட காலை மெல்லக் கீழே இறக்கி நொண்டி நொண்டிப் போனார். சின்னானின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கேப்சூலை நகத்தால் பிளந்து, கொஞ்சமும் சிந்தாமல் புண்ணின் மேல் தூவினார்.