கனவென்று சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள்

எனக்குப் பகலில்தான் கனவு வரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எப்போதும் நைட் ஷிஃப்ட். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் திருத்தணியில் இறக்கிவிடும். மலையடிவாரத்தில் வீடு. நாலு இட்லி தின்றுவிட்டுப் பாயை விரித்தால் எட்டரைக்கெல்லாம் கனவு ஆரம்பித்துவிடும். படியேறுகிறவர்கள் அரோகரா போட்டுக்கொண்டே போவார்கள். அதனாலோ என்னவோ முழுசாகத் தூங்கவும் மாட்டேன், முழுசாக விழிக்கவும் மாட்டேன். கனவுக்குள் இருக்கும்போதே இது கனவு என்று தெரிந்துவிடும்.

தெரிந்தால் பேசாமல் இருக்கணும். என் வாய் இருக்காது. எதிரில் இருக்கிற ஆளிடமே சொல்லிவிடுவேன், நீ கனவுப்பா என்று. ஒருத்தர்கூட ஒத்துக்கொண்டதில்லை. டீக்கடைக்காரர், "கனவுன்னா டீ எப்படிங்க சுடும்?" என்று கேட்டார். பஸ் கண்டக்டர், "கனவோ கினவோ, படியில நிக்காத, உள்ள போ" என்றார். எங்கள் சூப்பர்வைசர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். நானும் பேனா தேடினேன்.

இந்தக் கோபமெல்லாம் என் அக்கா கோபத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருக்கிறது. நாலு வருஷமாக அவளுக்கும் எனக்கும் பேச்சில்லை. அப்போது அவள் மூத்த மகளுக்கு மலை மேல் முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்கணும். தாய்மாமன் நான். அக்காவும் அவள் புருஷன், எங்கள் பாவாவும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கே மேலே வந்துவிட்டார்கள். ஒன்பதிலிருந்து பத்தரை நல்ல நேரம். அடிவாரத்திலேயே குடியிருக்கிற நான் போய்ச் சேர்ந்தது பதினோரு மணிக்கு. நேரம் தப்புகிறதே என்று பெரியம்மா பையன் மடியில் வைத்து முடியை எடுத்துவிட்டார்கள். குழந்தை மொட்டையும் சந்தனமுமாக அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்தவன், அஞ்சு நிமிஷம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது, "கம்பெனி பஸ் திருவள்ளூர் கிட்ட ரிப்பேர் ஆயி நின்னுடுச்சுக்கா."

அக்கா என் மூஞ்சியையே பார்த்தாள். "பஸ்ஸா?"

"பஸ்தான்."

"தூங்கிட்டேன்னு சொல்லு. விட்டுடறேன்."

"நான் ஏன் தூங்கறேன்? பஸ்ஸுன்னா பஸ்."

அன்றைக்கு வாயை மூடியவள்தான். போன் பண்ணினால் பாவா எடுப்பார். "நல்லா கீறா, நல்லா கீறா" என்பார். அவர் பாவம், என்ன செய்வார்.

கனவில் மட்டும் அக்கா பேசுவாள். அதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. அக்கா பேசுகிறாள் என்றால் அது கனவு, கிள்ளிப் பார்க்கவே வேண்டாம். வருவாள், "சாப்டியா?" என்பாள். அப்போதும் வாய் சும்மா இருக்காமல், "நீ கனவுக்கா" என்பேன்.

"நானா? விடியக்காலைல எழுந்து துணி தொவைச்சு, சோறாக்கி வெச்சுட்டு வரேன். நான் கனவா? நீதான்டா தூங்கிகினு கீற."

அது உண்மைதான், இருந்தும் விடாமல் சண்டை போடுவேன். சண்டையிலேயே விழிப்பு வந்துவிடும். ஒருமுறை, கனவுதானே, இங்கேயாவது சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன். "பஸ் ரிப்பேருக்கா" என்றுதான் வந்தது.

அன்றைக்குத்தான் புரிந்தது, இந்தக் கனவு ஆட்கள் ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்று. அவர்களைச் செய்தவன் நான். என்னிடம் இருக்கிற சரக்கைப் போட்டுத்தானே செய்யமுடியும்? எவனாவது வந்து நீ சொல்வது பொய் என்றால் நான் ஒத்துக்கொள்வேனா? அவர்கள் மட்டும் எப்படி ஒத்துக்கொள்வார்கள்.

புரிந்ததோடு சரி. பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறவில்லை.

போன தை மாசம் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கதவைத் தட்டுகிற சத்தம். எழுந்து போய்த் திறந்தேன். அக்கா. இடுப்பில் நான் பார்த்தேயிராத ஒரு பையன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"வர்ற வெள்ளிக்கெழம சின்னவனுக்கு மொட்ட. மடி வேணும்" என்றாள்.

பேசுகிறாள். அப்படியென்றால் சந்தேகமே இல்லை. "நீ கனவுக்கா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். சாத்துவதற்குள் சண்டைக்கு வருவாள் என்று தெரியும்.

"ஆங், சரி. கனவுலயாவது நேரத்துக்கு வந்து சேரு" என்றாள்.

என் கை கதவிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட சரி என்று சொன்னதில்லை. பையன் எட்டி என் பனியனைப் பிடித்து அதில் மூக்கைத் துடைத்தான். ஈரமாக இருந்தது.

"அக்கா, அன்னைக்குப் பஸ் ரிப்பேர் ஆவல. தூங்கிட்டேன்."

"தெரியும்."

"யார் சொன்னா?"

அக்கா விரலால் என் கன்னத்தைத் தொட்டாள். கோரைப்பாய் அழுந்திய தடம் வரி வரியாக இருந்தது. "அன்னைக்கும் இப்படியேதான் மேல வந்து நின்ன. நீ வாயால சொல்லுவேன்னு நாலு வருஷமா பாத்துகினு இருந்தேன்" என்றாள்.