மண்டபத்தில் கொடுத்த பெயர்

என் சித்தி மகள் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த நாளிலேயே, அதற்கு வேண்டியவற்றை என் போனில் பட்டியல் போட்டுவிட்டேன். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். எதையும் வரிசையாக எழுதி டிக் அடித்தால்தான் எனக்கு நிம்மதி. வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, சாதிச் சான்றிதழ், எழுத்துத் தேர்வு, உயரம் நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர், நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடுவது.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவள் ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் முந்திரிக்காட்டு ஓரம் அவள் ஓடுவாள், நான் நேரம் பார்ப்பேன். மூச்சு வாங்க வந்து நிற்கும்போது எத்தனை நிமிடம் என்று கேட்கமாட்டாள். "எந்த இடத்துலக்கா மெதுவானேன்?" என்பாள். மூன்றாவது நூறில் என்று சொன்னால், அடுத்த வாரம் அந்த மூன்றாவது நூறு சரியாகியிருக்கும். என் தொழிற்சாலையில்கூட இப்படிக் கேட்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் தேறினாள். கடைசியாக நன்னடத்தைச் சரிபார்ப்புப் படிவம் வந்தது. அவள் மேல் குற்ற வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி. "இல்லைன்னு போடு" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு மண்டபத்துல பேரு குடுத்தோம்ல?"

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம், ஊரில் வாரக்கணக்கில் குடிதண்ணீர் வரவில்லை. அவளும் ஊர்ப் பெண்களும் காலிக்குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வேனில் ஏற்றிப்போய், ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துப் பெயர்களை எழுதிக்கொண்டு, தக்காளிச் சாதம் கொடுத்து, சாயந்திரம் விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அதை வழக்கு என்று நினைப்பதில்லை. சாயந்திரத்தோடு முடிந்துபோன ஒன்று.

"சோறு போட்டு அனுப்பிச்சதெல்லாம் கேஸாடி? பேசாம இல்லைன்னு எழுது" என்றார் சித்தி. நானும் அதையேதான் சொன்னேன்.

"கேஸ் இருந்து, நான் இல்லைன்னு எழுதினா, மறைச்சுட்டேன்னு தள்ளிருவாங்க. மொதல்ல இருக்கான்னு கேட்டுட்டு வாரேன்."

மறுநாள் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். மூன்று முறை அலைந்த பிறகு தெரிந்தது: வழக்கு இருந்தது, பிறகு மேல் நடவடிக்கை கைவிடப்பட்டிருந்தது. அதற்கான நகலை வாங்கி வந்து, வழக்கு எண்ணையும் முடிவையும் படிவத்தில் எழுதினாள். கையெழுத்து ஒரு இடத்திலும் கோணவில்லை.

விசாரிக்க ஏட்டு வந்த அன்று நான் விடுப்பில் அங்கே இருந்தேன். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்களிடம் அவர், "இந்தப் பொண்ணு எப்படிம்மா?" என்று பொதுவாகத்தான் கேட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா முந்திக்கொண்டார். "தங்கமான புள்ளைங்க. அன்னைக்கு மறியலுக்குக்கூட அது வரலை."

"காய்ச்சலாக் கெடந்துச்சு" என்றாள் பின்னால் நின்றவள்.

"இல்லத்தா, காலேஜுக்குல்ல போயிருந்துச்சு" என்றாள் இன்னொருத்தி.

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, கையிலிருந்த படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டுல எதும்மா? காய்ச்சலா, காலேஜா?"

இத்தனை மாத உழைப்பு, ஊர்ப் பாசத்தால் கெடப்போகிறது என்று நினைத்தேன். அவள் முன்னால் வந்தாள்.

"வந்திருந்தேன் சார். மொத வரிசையில உக்காந்திருந்தேன். எனக்கு நல்லது பண்றதா நெனச்சு இவங்க சொல்றாங்க. படிவத்துல இருக்கிறதுதான் சரி."

குரலில் நடுக்கம் இல்லை. பெரியம்மாவைக் கோபமாகப் பார்க்கவும் இல்லை. அவர் கூடையை அவளே வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் ஆத்தா, அந்தப் பொண்ணே எழுதிக் குடுத்ததை நீங்க அழிக்கப் பாக்குறீங்க?" என்றார் ஏட்டு.

"கெடுக்கணும்னா சொல்லுவோம்? சரி, எழுதிக்கங்க. வந்துச்சு. தண்ணிக்குத்தான் வந்துச்சு" என்றார் பெரியம்மா.

ஏட்டு சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் எந்தத் தகவலும் இல்லை. பெரியம்மா எங்களைப் பார்த்தால் அங்கிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அவளோ காலையில் ஓடுவதை ஒரு நாளும் விடவில்லை. நான்தான் தூங்காமல் கிடந்தேன்.

பயிற்சிக்கு வரச்சொல்லி ஆணை வந்ததும், அதை எடுத்துக்கொண்டு அவள் முதலில் போனது பெரியம்மா வீட்டுக்கு. அவர் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே ரோட்டுல உக்காந்தா, எங்கள நீதான்டி வேன்ல ஏத்துவ."

அவள் தாளை வாங்கி மடித்தாள்.

"ஏத்துவேன் பெரியம்மா. பேரக் கேட்டா சரியாச் சொல்லுங்க."