மேடையில் அழுததற்கு வெட்கமில்லை

இன்று காலை செஞ்சிக் கடைத்தெருவில், என் ஜவுளிக்கடைக்கு வேட்டி வாங்க வந்த எதிர்க்கடை மளிகைக்காரர் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாண்ணே, ஆம்பள மேடையில அப்படி அழுவலாமா? ஊரே சிரிக்குது."

நேற்று நடந்த நாடகத்தில், மகளைப் பறிகொடுத்த அரசனாக நடித்தேன்.

போன சித்திரையில் என் மகள் செல்வி அம்மை கண்டு இறந்தபோது எனக்குக் கண்ணீரே வரவில்லை. அதன்பிறகு நானும் மனைவியும் அவள் பெயரைச் சொல்லவே பயந்தோம். அதைப் பார்த்துத்தான் நாடகம் போடும் பள்ளி வாத்தியார் இந்த வேஷத்தைக் கொடுத்தார்.

"உன்னால பேச முடியாதத ராஜாவா நின்னு பேசிடு" என்றார்.

பேசினேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வசனம் மறந்துபோய், "செல்வி, செல்வி" என்று கதறினேன்.

மளிகைக்காரரிடம் சொன்னேன்: "சிரிக்கிறவன் சிரிக்கட்டும். வூட்டுக்குப் போனதும் என் சம்சாரம் செல்வியப் பத்தி வாய் தொறந்து பேசுச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுதோம், அப்புறம் ஒண்ணா சாப்ட்டோம். இதுக்கு நான் ஏன் வெக்கப்படணும்?"

அவர் வேட்டியைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

வரும் ஞாயிறு பக்கத்து ஊரான வல்லத்தில் அதே நாடகம், அதே ராஜா, அதே அழுகை. சிரிக்க நினைப்பவர்கள் தாராளமாக முன்வரிசைக்கு வாருங்கள். கண்ணைத் துடைக்கத் துண்டு வேண்டுமென்றால் என் கடையிலேயே இருக்கிறது.