கிடைக்கக் கூடாது என்று காத்திருந்த மார்கழி

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், அப்பா எந்நேரமும் என்னிடம் "வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது கேட்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் போட்டு, ஹலோ கூடச் சொல்லாமல் கேட்பார். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்.

வடக்கே, டில்லிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம். எங்கள் ஆங்கில டீச்சர்தான் அதைப் பற்றிச் சொன்னார். பொதுத்தேர்வு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே விண்ணப்பித்து, கட்டுரை எழுதி, வீடியோவில் நேர்காணலும் முடித்துவிட்டால் டிசம்பர் மாதமே முடிவைச் சொல்லிவிடுவார்கள். அந்த முதல் சுற்றில் தேர்வாகிறவர்களில் சிலருக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாமே இலவசம். டீச்சர் தன்னுடைய லேப்டாப்பைக் கொடுத்து ஸ்டாஃப் ரூமில் என்னை உட்காரவைத்து விண்ணப்பத்தை முடிக்கவைத்தார். பொருளாதாரம் படிக்க விரும்புவதாக எழுதியிருந்தேன். அப்படி ஒரு படிப்பு இருப்பது அந்த வருடம்தான் எனக்கே தெரிந்தது.

எங்கள் வீடு திருமுல்லைவாயிலில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, நாங்கள் மூன்று பேர். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். நேர்காணல் முடிந்ததுமே எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற மாதிரி அங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

"வந்தா நானே சொல்லமாட்டனாப்பா? எதுக்குத் தெனம் கேக்குற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ சொல்லுவமா. ஆனா கேக்குறதுல ஒரு இது கீதுல்ல" என்றார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, எழுந்திருக்கும்போதே வலது கை மரத்துக் கிடக்கிறது என்றார். "கை மேலயே படுத்துட்டேன் போல" என்று இடது கையால் தேய்த்துக்கொண்டார். அம்மா எண்ணெய் சூடுபண்ணித் தேய்த்துவிட்டாள். முதல் ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து டீயை வாங்கினார். என்னைப் பார்த்து வழக்கம்போல "வந்துச்சா?" என்றார். நான் போனிலிருந்து தலையைத் தூக்காமலே இல்லை என்று தலையாட்டினேன். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. டீ மடியில் கொட்டியிருந்தது. சூடு தெரியாதவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா ஆட்டோ ஓட்டுபவர். பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். அவர் வண்டியில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சி.டி.எச். ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நின்ற நேரம். ஹாரனில் வைத்த கையைச் சித்தப்பா எடுக்கவே இல்லை. அம்மா அப்பாவின் தலையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னாங்க, இன்னாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

"நேத்து ராத்திரி சாப்ட்டுப் படுத்தப்போ நல்லாதான் இருந்தாரு சார்" என்றாள் அம்மா.

டாக்டர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறதாம். அடைப்பு வந்து சில மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தூக்கத்தில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாததால் போட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இதைச் சித்தப்பா அப்புறம்தான் எனக்குச் சொன்னார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவுசெய்தோம்.

சில நாட்கள் கழித்து, வார்டில் அவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. அப்புறம் குழறலாக, ஆனால் நன்றாகவே புரிகிற மாதிரி, "வந்துச்சா?" என்றார்.

அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். "பாருடி, மறக்கலடி உங்கப்பா" என்று என் தோளை உலுக்கினாள். "இன்னும் வரலப்பா. வந்ததும் உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்று அவர் காதுக்குள் சொன்னேன். அன்று முழுக்க எனக்குத் தைரியமாக இருந்தது.

மறுநாள் அவர் நர்ஸைப் பார்த்தும் "வந்துச்சா" என்றார். இட்லியை வாயருகே கொண்டுபோனபோது "வந்துச்சா" என்றார். முதுகு வலித்து முகத்தைச் சுளித்தபோதும் அதையேதான் சொன்னார். சித்தப்பா வந்து, "அண்ணாத்தே, எப்பிடிக்கீற?" என்று கேட்டதற்கு, அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ விளக்குகிற மாதிரி, ஏற்றி இறக்கி, "வந்துச்சா வந்துச்சா வந்துச்சா" என்று பேசினார். சித்தப்பா வெளியே போய் வராண்டாவில் நின்று அழுதார்.

மூளையில் பேச்சுக்கான இடத்தில்தான் அடி என்று டாக்டர் சொன்னார். சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சுமாம். அவர் மனதுக்குள் வேறு வேறு விஷயம்தான் சொல்கிறார், வெளியே வருவது மட்டும் அதுவாக இருக்கிறது, நமக்கு ஏன் புரியவில்லை என்று அவருக்கே கோபம் வரும், பொறுமையாக இருங்கள் என்றார்.

மார்கழி பிறந்த பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அப்பா உயரமான, கனமான ஆள். அம்மா அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான் ஒரு பக்கம் போர்வையை இழுத்துப் பிடிக்க, அம்மா மறுபக்கம் முட்டி போட்டுத் தள்ளுவாள். ஒருவரால் ஆகிற வேலை இல்லை. கம்பெனியில் அவர் மெஷினுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் அம்மா வேலை கேட்டுவைத்திருந்தாள். வரச்சொல்லிவிட்டார்கள். அவள் போனால் அப்பாவோடு யார் இருப்பது என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் நான் வேறு மாதிரி காத்திருக்க ஆரம்பித்தேன். இடம் கிடைக்காமல் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். கிடைக்கவில்லை என்றால் யாரும் எதையும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. டீச்சர் ஆறுதல் சொல்வார், சித்தப்பா திட்டுவார், அதோடு முடிந்துவிடும். விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும்போது, அப்பாவின் லுங்கியை அலசிக்கொண்டே, "வேணாம் சாமி, வேணாம்" என்று முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் அலசி முடித்ததும் ஈரக்கையோடு ஓடிப்போய் போனைத்தான் முதலில் பார்ப்பேன். அதில் ஒன்றும் வந்திருக்காது. எனக்கு அழுகை வரும்.

அரையாண்டு லீவில் ஒரு மதியம் அது வந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலில் கிடந்த போன் அதிர்ந்தது. இடது கையால் திறந்தேன். முதல் வார்த்தையே வாழ்த்துதான். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வருகிறேனா இல்லையா என்று ஜனவரி முடிவதற்குள் உறுதி சொல்ல வேண்டும்.

நிமிர்ந்தபோது அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சா?"

பழைய குரல். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பாரே, அதே குரல். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"வந்துச்சுப்பா. கெடச்சிடுச்சுப்பா. ஃபுல் ஃப்ரீ."

"வந்துச்சா?"

"வந்துச்சுப்பா, இதோ பாரு." போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் போனைப் பார்க்கவில்லை. "வந்துச்சா! வந்துச்சா!" என்று இன்னும் உரக்கச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். சந்தோஷத்தில் அப்படிச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். வந்துச்சுப்பா, வந்துச்சுப்பா என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவர் கையை வெடுக்கென்று உதறினார். அப்போதுதான் பார்த்தேன். லுங்கி, விரிப்பு எல்லாம் ஈரம். இவ்வளவு நேரமும் அவர் கேட்டது மூத்திரக் குப்பியை.

போனை ஓரமாக வைத்துவிட்டு விரிப்பை உருவினேன். தனியாக அவரைப் புரட்ட முடியாமல் பாதியில் நின்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா வந்து அரிசிப் பையை இறக்கினாள். எதுவும் கேட்காமல் மறுபக்கம் போய் முட்டி போட்டாள். விரிப்பை மாற்றி, அவரைத் துடைத்துப் படுக்கவைத்த பிறகு போனைக் காட்டினேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்றாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ரொம்ப நேரம் திரையையே பார்த்தாள்.

"கஞ்சி குடிச்சாரா?" என்றாள்.

"பாதி."

மீதிக் கஞ்சியைச் சூடுபண்ண எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து நான் வேறொன்றுக்காகக் காத்திருந்தேன். அம்மா வாயிலிருந்து "போ" என்ற ஒரு வார்த்தை வருமா என்று. தலை வாரிவிடும்போது எதிர்பார்த்தேன். பக்கத்தில் படுத்திருக்கும்போது எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "போகாதே" என்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்னால் சித்தப்பா வந்து கேட்டார். "அண்ணி, இந்த மாரி சான்ஸு நம்ம ஊட்ல யாருக்குமே வந்ததில்ல. அனுப்பிச்சு வுடுங்க. நான் கீறேன்ல?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "தெனம் வந்து தூக்குவியா தம்பி? காலைல, மத்தியானம், சாயங்காலம், தெனம் வந்து தூக்குவியா?"

சித்தப்பாவுக்கும் இரண்டு குழந்தைகள். காலையிலிருந்து ஆட்டோ ஓட்டினால்தான் அடுப்பு எரியும். போகும்போது, "நீ யோசிச்சுக்கோ பாப்பா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

ஒரு வருடம் கழித்து வந்து சேரலாமா என்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். அன்பாகத்தான் பதில் போட்டார்கள். இடத்தை நிறுத்திவைக்கலாம், உதவித்தொகையை நிறுத்திவைக்க முடியாது என்றார்கள். கடைசித் தேதி வந்தது, போனது. டீச்சரிடம் சொன்னபோது அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். காலையில் சித்தி வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார். நான் வந்ததும் அவர் கிளம்பிவிடுவார். அம்மா துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். அப்பா கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறார். தண்ணி, வேணாம், வலிக்குது என்று பத்துப் பதினைந்து வார்த்தைகள் திரும்பிவிட்டன. அந்தப் பழைய வார்த்தை குறைந்து குறைந்து, இப்போது வருவதே இல்லை. எனக்கு இடம் கிடைத்தது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நானாக மறுபடி சொல்லவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நான் அன்னிக்கு உன்னப் போன்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

"சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன்மா."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. எழுந்து அப்பாவுக்கு மாத்திரை எடுக்கப் போனாள்.

அவள் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன்.