லேபிளில் போட்ட இலை

அப்பா எனக்குப் பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் என் இயற்கை உரக் கரைசல் பாட்டில்களை நாலு பேர் தேடி வந்து வாங்கும்படி ஆக வேண்டும். இல்லையென்றால், அவர் சூளையில் வண்டி தள்ளும் அதே பீங்கான் கம்பெனியின் ஆபீசில் நான் போய் உட்கார வேண்டும். ஓனரிடம் பேசி முடித்தே விட்டார். ஃபேன் இருக்கும், நாற்காலி இருக்கும், சட்டையில் களிமண் படாது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. வேதியியல். அந்தப் படிப்பை நான் மீன் குடலிலும் மாட்டுச் சாணத்திலும் கரைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருடைய வருத்தம்.

கரைத்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்வானேன். சேத்தியாத்தோப்பு மீன்கடைகளில் தலையும் குடலும் வாங்கி வந்து வெல்லம் சேர்த்து ஊறப்போடுவேன். கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய் நாட்டு மாட்டுச் சாணமும் கோமியமும் கொண்டு வருவேன். புளித்த மோர், தேங்காய்ப்பால், கனிந்து கறுத்த வாழைப்பழம் என்று எது கிடைத்தாலும் ஒரு ஜாடிக்குள் போய்விடும். ஜாடிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? வாய் கோணியது, மெருகு கொப்பளித்தது என்று கம்பெனியில் ஒதுக்கிய ஊறுகாய் ஜாடிகள் வீட்டைச் சுற்றி வரிசை கட்டி நின்றன. தொட்டி மண்ணுக்கு அடியில் தண்ணீர் வடிய, உடைந்த ஃபியூஸ் பீங்கான் துண்டுகள். எந்த மூலையில் எது புளிக்கிறது என்பதைத் தெருமுனையிலேயே மூக்கு சொல்லிவிடும்.

“இந்த நாத்தத்துக்குள்ள எந்தப் பொண்ணுடா வந்து வாக்கப்படுவா?” என்பாள் அம்மா.

“மூக்கடைப்பு இருக்குற பொண்ணா பாரும்மா.”

“அவளுக்குக் கண்ணும் தெரியாம இருக்கணும், ஒன்னக் கட்டிக்க.”

பாட்டில்கள் விற்கவில்லை. உறவுக்காரர்கள் வாங்கினார்கள், வாங்கியதைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். உண்மையாகப் பயன்படுத்திய ஒரே வாடிக்கையாளர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார். ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் தனி வீடு, தனி ஆள். மாதம் தவறாமல் மீன் அமிலமும் தொட்டி மண்ணும் வாங்குவார். வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பார். இலை நுனி பழுக்கிறது, என்ன செய்ய? பூ வரும் நேரத்தில் எந்தக் கரைசல்? மணம் தூக்கலாக வேண்டுமென்றால்?

நான் டாக்டர் மாதிரி நிதானமான குரலில் பதில் பேசி அனுப்புவேன். என்ன செடி என்று ஒரு முறை கேட்டதற்கு, “மூலிகைப்பா, முட்டி வலிக்கு” என்றார். பெரியவரை அதற்கு மேல் குடைய எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அவர் ஒரு போட்டோ அனுப்பினார். ஒரே ஒரு இலை. விரல் விரலாக விரிந்து, ஓரமெல்லாம் ரம்பம் வெட்டியதுபோல, கரும்பச்சை. என் கரைசல் குடித்த எந்தக் கத்தரியும் மிளகாயும் எனக்கு இப்படி நன்றி சொன்னதில்லை. புளிச்சக்கீரைக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கஞ்சாவை நான் பேப்பரில்தான் பார்த்திருக்கிறேன். மேசைமேல் பொட்டலங்கள், பின்னால் வரிசையாகப் போலீஸ்காரர்கள். அது இலையாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு எவன் காட்டினான்? கெட்ட சகவாசம் இல்லாமல் வளர்ந்ததில் இப்படியும் ஒரு நஷ்டம் உண்டு.

அந்த இலையை லேபிளில் போட்டேன். கீழே நானே எழுதிய வாசகம்: ‘ஒருமுறை பயன்படுத்தினால் மறுமுறை தேடி வருவீர்கள்.’

பிரிண்டிங் கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“தைரியந்தாங்க ஒங்களுக்கு.”

“சொந்தத் தொழிலுன்னா தைரியம் வேணும்ங்க” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அதன்பிறகு வாரச் சந்தையில் நான் போட்ட கடைக்கு வந்த கூட்டத்தை நான் வாழ்க்கையில் மறக்க முடியாது. எல்லாம் என் வயசுப் பையன்கள். பைக்கை நிறுத்திவிட்டு, பாட்டிலோடு செல்ஃபி எடுத்து, ஒருத்தனை ஒருத்தன் இடித்துச் சிரித்து, கடைசியில் வாங்கியும் போனார்கள். நெய்வேலியிலிருந்துகூட வந்தார்கள். இளைஞர்களுக்கு இயற்கை விவசாயத்தின் மேல் இத்தனை ஆர்வமா என்று எனக்குக் கண் கலங்கியது. ஒருத்தனுக்கு மண்வளம் பற்றி வெகுநேரம் விளக்கினேன். கடைசிவரை கைகட்டிக் கேட்டுவிட்டு, “அண்ணே, நீங்க வேற லெவலு” என்று காலைத் தொட வந்தான்.

இதையெல்லாம் அப்பா ஒரு சந்தையன்று எதிர் டீக்கடையில் நின்று பார்த்திருக்கிறார். வீட்டில் அம்மாவிடம் மட்டும், “பயலுக்கு மவுசுதான்டி. ஆபீசு வேலைய ஓனரு வேற ஆளுக்குக் குடுத்தாலும் குடுக்கட்டும்” என்றாராம். தவணை முடியும் முன்பே நான் பாதி ஜெயித்துவிட்டேன்.

மீதியையும் ஜெயித்துவிடலாம் என்றுதான் ரயில்வே சாரைத் தேடிப் போனேன். செடியின் பக்கத்தில் நின்று அவர் நாலு வார்த்தை பேசினால் வீடியோ எடுத்துப் போடலாம். கதவைத் திறந்தவர் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்ததும் என்னை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

“ஏம்ப்பா, ஒனக்கு எம்மேல என்ன கோவம்?”

“என்ன சார் ஆச்சு?”

“ஒரு எலைய ஆசையா அனுப்பினா அத ஊருக்கெல்லாம் ஒட்டி அனுப்புறியே! நான் பென்ஷன் வாங்குறவன்ப்பா. இந்த வயசுல என்னைக் கம்பி எண்ண வெக்கணுமா?”

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு அழைத்துப் போனார். பழைய புடவைகளைக் கட்டி மறைத்த ஒரு மூலை. திரையை விலக்கினார். முதலில் வாசனை வந்தது. ரயில் பெட்டியின் கதவோரம் எப்போதோ அடித்து, எவனோ பீடியில் எதையோ கலக்கிறான் என்று நான் தள்ளி நின்ற அதே வாசனை. அதற்குப் பின்னால் என்னைவிட ஒரு முழம் உயரமாகச் செடி நின்றது.

“சார்... இது...”

“அதேதான்.”

“முட்டி வலின்னு சொன்னீங்க?”

“முட்டி வலிக்குதான்ப்பா. எவனோ எண்ணெய் காய்ச்சித் தடவுனா கேக்கும்னான். வெதையும் அவந்தான் குடுத்தான். சும்மா போட்டுப் பாத்தேன். நீ குடுத்த தண்ணி சும்மா இருக்க வுடல அத.”

அப்போதே பிடுங்கிவிடுவது என்று முடிவானது. அவருக்கு முட்டி வளையாது என்பதால் நான்தான் பிடுங்கினேன். வேர் முழுத் தொட்டிக்கும் பஞ்சுபோல் பரவி, வெள்ளை வெளேரென்று, ஒரு பூஞ்சணம் இல்லாமல் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்: என் கரைசலில் அதைவிடக் கம்பீரமான செடி அதற்கு முன்னும் வளர்ந்ததில்லை, பின்னும் இல்லை. நறுக்கிச் சாணக் குழியில் போட்டு மூடியபோது, வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையை ஸ்கூலை விட்டு நிறுத்திய மாதிரி இருந்தது எனக்கு. சாருக்கு அந்தத் தொட்டியில் நொச்சி வைத்துக் கொடுத்தேன். “இதுக்கு யாரும் புடிக்க மாட்டாங்கல்ல?” என்று ரெண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

லேபிளைக் கிழித்து எறிந்தால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டபடி வீட்டுக்கு வந்தேன். பையன்கள் வராமல் போவார்கள், போகட்டும். ஆபீஸ் நாற்காலிதான் என்றால் அதுவும் சரி. ஜெயில் பாயைவிட நாற்காலி தேவலை.

வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பக்கத்தில் அப்பா, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு.

“வாடா. பாரு.”

வண்டி நிறைய ஜாடிகள். அடியில் ஓட்டை போட்ட, செடி வைக்கிற ஜாடிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பளபளவென்று அந்த இலை. தீட்டி, மெருகு ஊற்றி, சூளையில் வேகவைத்து எடுத்திருக்கிறார்கள்.

“சூளை வண்டியில எடம் இருந்துது. ஓனருகிட்ட கேட்டேன், செஞ்சிக்கன்னாரு. பொம்மைக்கு எழுதுற பொண்ணுகிட்ட ஒன் பாட்டில குடுத்து அச்சு அசலா எழுதச் சொன்னேன். லேபிளு மழையில போயிடும். இது நீ பேரன் எடுத்தாலும் போவாது.”

அம்மா ஒரு ஜாடியைத் தட்டிப் பார்த்து, “நல்ல சத்தம்” என்றாள். என் படிப்பிலிருந்தும் சாணத்திலிருந்தும் இத்தனை வருஷமாக எட்டியே நின்ற மனிதர், முதல்முறையாக என் பக்கம் வந்திருந்தார், வண்டி நிறையக் கஞ்சாவோடு. ஒரு ஜாடியைத் தூக்கிப் பார்த்து, “சூப்பரா இருக்குதுப்பா” என்றேன்.

மறுநாள் காலையில் அப்பா சூளைப் பக்கம் இருந்த நேரம் பார்த்து, வண்ணம் தீட்டும் அக்காவிடம் போனேன். பொம்மை முகம் ஒன்றை மடியில் வைத்துப் புருவம் எழுதிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த ஜாடிப் படத்தக் கொஞ்சம் மாத்தணும்.”

“ஏன், நல்லாதான இருக்குது? நரம்பு நரம்பா எழுதியிருக்கேன்.”

காதோடு சொன்னேன். தூரிகை பொம்மையின் நெற்றிக்கு ஓடிவிட்டது.

“அடப்பாவி! சாமி பொம்மைக்குக் கண்ணு தொறக்குற கைடா இது!” என்று அடிக்க வந்தவர், பாதியில் சிரிப்பு வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபின் யோசித்தார். “அழிக்க முடியாது. வெந்துபோச்சி. மேல எழுதி இன்னொரு தரம் சூளையில வெக்கலாம். வெண்டை எலையும் வெரலு விரிச்சாப்புலதான் இருக்கும். ரம்பத்த மழுப்பிட்டு, கீழ நாலு வெண்டைக்கா தொங்க வுட்டுர்றேன். எவன் கேப்பான்?”

“அக்கா, நீங்க தெய்வம்.”

“தெய்வத்துக்கு ஒரு பாட்டிலு குடுத்துட்டுப் போ. வூட்டுல மொளகா செடி சுருண்டு கெடக்குது.”

ஜாடிகள் மறுபடி சூளைக்குப் போய் வெண்டைக்காயோடு வந்தன, லேபிளும் வெண்டைக்காயாக மாறியது. அப்பாவிடம், “நம்ம ஊருல வெண்டைன்னாதான்ப்பா எடுபடும்” என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. “நான் செஞ்சதுல என்னடா கொறை?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பொங்கலுக்கு முந்தின சந்தைக்கு அவரும் வந்து கடையில் உட்கார்ந்தார். அன்றைக்குத் தீர்ப்பு. பையன்கள் தூரத்திலிருந்தே வெண்டைக்காயைப் பார்த்துவிட்டு பைக்கைத் திருப்பினார்கள். ஆனால் எதிர்பாராமல் பெண்கள் நின்றார்கள். ஜாடியைத் திருப்பிப் பார்த்து, “இதுல வெண்டை வருமா? எத்தினி நாளு?” என்றார்கள். சிலர் வாங்கினார்கள், பலர் விலை கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பா விறைப்பாகவே உட்கார்ந்திருந்தார்.

அப்போது என் காலைத் தொட வந்த அந்தப் பையன் வந்தான். நான் கண்ணைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

“அண்ணே, பழைய எலை போட்டது இல்லியா?”

“எந்த எலைப்பா?” என்று அப்பா கேட்டார். குரலில் ஆசை தெரிந்தது. தன் படத்தைத் தேடி ஒருத்தன் வந்துவிட்டான்.

“அதான் பெருசு, கஞ்சா எலை. செம்மையா இருக்கும்.”

அப்பா ஜாடியைப் பார்த்தார். வெண்டைக்காயை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தொட்டி மண் நிறுக்கும் தராசைப் பார்த்தேன்.

“அது ஒடஞ்சி போச்சி” என்றார் பையனிடம். “வெண்டைக்காதான் இருக்குது. எடுத்துக்கிட்டுப் போயி ஒங்கம்மாகிட்ட குடு.”

அந்தக் குரலுக்குப் பயந்து அவன் ஒரு ஜாடியை வாங்கி, பைக் டேங்கின் மேல் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் கடையைக் கட்டினோம். மிச்ச ஜாடிகளை வைக்கோல் சுற்றி அடுக்கினோம். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபின் சொன்னார்:

“ஆபீசுக்கு நீ வர வாணாம்.”

“இன்னும் பொங்கலு வரலியேப்பா. முழுசா விக்கவும் இல்ல.”

“விக்கிறது கெடக்குது. எலை தெரியாம சூளை வரைக்கும் ஏத்துனவன ஆபீசுல வுட்டா, ஓனரப் போலீசுல புடிச்சிக் குடுத்துட்டுதான் மறுவேல பாப்ப” என்றார். வீட்டுக்குப் பாதிதூரம் போனபின் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “நான் ரிட்டயர் ஆவுற வரைக்கும் அந்தக் கம்பெனி இருக்கணும்டா.”