காப்புக் கட்டிய வாரத்துப் பல்வலி

போன வருடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேறியது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை தம்பி என் வீட்டுக்கு வந்தான். கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றான். மறு கையின் மணிக்கட்டில் காப்புக் கயிறு, மஞ்சள் ஈரம் காயாமல் இருந்தது. அவன் மகளுக்குக் குறைமாதத்தில் பிறந்த பையன் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், பிள்ளை பிழைத்தால் வாயில் அலகு குத்திக்கொள்கிறேன் என்று வேண்டியிருந்தான். பையன் பிழைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அலகு.

"கடவாப் பல்லு ண்ணே. உயிரு போவுது."

"புக்கிட் ரோத்தான்ல கிளினிக் தொறந்திருக்கும். காடிய எடுக்கறேன், வா."

"புடுங்கிருவாங்க லா. காப்பு கட்டிக்கிட்டு ரத்தம் சிந்தலாமா? ஞாயித்துக்கெழம வரைக்கும் தாட்டி வுடு. திங்கக்கெழம நானே போயி வாயத் தொறக்கறேன்."

எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டியவன் முடி வெட்டமாட்டான், சாவு வீட்டுக்குப் போகமாட்டான், உடம்பில் கத்தி படவிடமாட்டான். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டுப் பல காலம் ஆகிறது. நாங்களெல்லாம் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்பு வீடுகளில் இருக்கிறோம். செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் நிற்கிறது, அதன் கட்டுப்பாடுகளும் அப்படியே இருக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல்லைப் பிடுங்காமலேயே கிளினிக்கில் மாத்திரை தருவார்கள் என்பது எனக்குத் தெரியும். மாத்திரை விழுங்க எந்தத் தடையும் இல்லை. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் டாக்டரிடம் போகாமல் என்னைத் தேடி வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

மூலிகைப் புத்தகங்கள் என்னிடம் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. தம்பி மனைவி என்னைப் 'புத்தக வைத்தியர்' என்றுதான் கிண்டல் செய்வாள். கிராம்பை உப்புடன் இடித்து, பஞ்சில் வைத்துப் பல்லின் குழிக்குள் திணித்தேன். கொல்லையில் பறித்த கொய்யா இலையை நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கொப்புளிக்கக் கொடுத்தேன். சற்று நேரத்தில் அவன் முகம் தெளிந்தது.

வியாழக்கிழமை தொலைபேசியில் அழைத்தான். "வலி சுத்தமா நின்னுப்போச்சுண்ணே. அம்மன் உன் கையில எறங்கிட்டா போல." கோயில் தலைவரிடமும் சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலம் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தன் மாமியாருக்கென்று அந்த மருந்தைக் கேட்டு வந்தார். நான் பக்குவத்தை நிறுத்தி நிதானமாக விளக்கினேன்.

அவன் எதையும் மென்று சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. விரதம் இருப்பவன் கஞ்சியை மட்டும் குடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? முகம் முழுவதும் சந்தனம் பூசியிருந்தான். அதற்கடியில் தாடை வீங்கியிருந்ததும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசையில் உடுக்கை ஏறும்போது அவன் உடம்பு நடுங்கத் தொடங்கியது. பற்கள் ஒன்றோடொன்று மோதித் தாளம் போட்டன. பெண்கள் குலவையிட்டார்கள்.

"பாத்தீங்களா, அலகுக்கு முன்னாடியே எறங்கிட்டா," என்றார் தலைவர். "பெரியவரே, புடிச்சுக்குங்க."

அருள் வந்தவரைப் பின்னாலிருந்து உறவுக்காரர்தான் பிடிக்க வேண்டும். நான் இடுப்புத் துண்டைப் பற்றிக்கொண்டு, மறு கையை அவன் முதுகில் வைத்தேன். அருள் வந்தவர்களைப் பலமுறை பிடித்திருக்கிறேன். வியர்வையில் உடம்பு கைக்கு நிற்காமல் வழுக்கும். அவன் முதுகோ வறண்டு அடுப்புச் சட்டி போலக் கொதித்தது. அது காய்ச்சல் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார்கள். தம்பி மனைவி வேப்பிலையால் அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்கள். நானும் பேசாமல் இருந்தேன்.

சனிக்கிழமை நான் கோயில் பக்கம் போகவில்லை. கால்வலி என்று வீட்டில் சொன்னேன்.

ஞாயிறு காலை, ஆலமரத்தடியில் பூசாரி அலகு குத்தும் வேல்கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாயத் தொறப்பா," என்றார். தம்பி முயன்றான். ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத் தாடை இறுகியிருந்தது. எச்சில் ஓரத்தில் வழிந்தது. "சாமி கட்டிருச்சி," என்றார் யாரோ. பூசாரி விபூதி போட்டார். மறுபடியும் முயன்றான்.

தம்பி மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அவன் கழுத்துச் சந்தனத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். தாடைக்கும் கழுத்துக்கும் வித்தியாசமே இல்லை. சிவந்து, பளபளவென்று இருந்தது.

"மாமா, காடிய எடுங்க," என்றாள்.

வழியெல்லாம் அவன் மூச்சு இழுப்பது பின் இருக்கையிலிருந்து கேட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். நம் இனத்துப் பெண் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, பல்லின் வேரில் கட்டிய சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை நெருக்குகிறது, உடனே வெட்டித் திறக்க வேண்டும் என்றார்.

"வலி நின்னுப்போச்சுன்னு சொன்னாரும்மா," என்றேன்.

"பல்லு செத்துட்டா வலி நிக்கும் அங்கிள். கிருமி நிக்காது." கோபமில்லாமல்தான் சொன்னார்.

அன்றும் மறுநாளும் அவன் பிழைப்பானா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தேறினான். தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்து, கஞ்சி விழுங்கத் தொடங்கிய அன்று அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு பையனைப் பற்றியது. "நான் எங்கியோ சுத்தபத்தம் தவறிட்டேன்ண்ணே. அதான் வாயக் கட்டிட்டா. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

ஆகாது என்றேன்.

கீழே கேண்டினில் தம்பி மனைவிக்குப் பால் விடாத தே ஓ வாங்கிக் கொடுத்தேன். அவள் கரண்டியால் வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம நான் அவரு நெத்தியத் தொட்டுப் பாத்தேன் மாமா. கொதிச்சிது. காச்சலா இருக்குமோன்னு நெனச்சேன்."

நான் மேசையில் சிந்தியிருந்த தேநீரைத் துடைத்தேன்.

"நீங்க அவரப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க. இத்தன படிச்சவரு, மருந்து தெரிஞ்சவரு, பேசாம நிக்கிறாரே, அப்ப அருளாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். என் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்."

அடிக்க வேண்டியது அவள் புத்தியை அல்ல என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "தே ஆறுது, குடிம்மா," என்றுதான் சொன்னேன். அவள் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு மேலே போனாள்.

தம்பி இப்போது மறுபடியும் செம்பனை லோரி ஓட்டுகிறான். தாடைக்குக் கீழே தழும்பு இருக்கிறது. பேரனுக்கு இருமல் வந்தால்கூட அவனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. அம்மன் கோபம் இன்னும் தீரவில்லை என்கிறான். போன வாரம் பையனுக்குச் சளி. என்னை அழைத்தான். மருந்து கேட்கவில்லை. இந்த வருடம் கொடியேற்றம் என்றைக்கு என்று கேட்டான். இந்தத் தடவை எப்படியும் அலகு குத்திவிடுவானாம்.

தேதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். உடனே சொன்னேன். அதற்கு முந்தின வாரம் உன்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னேன். சரிண்ணே என்றான். அந்த வெள்ளிக்கிழமை அவன் முதுகில் இருந்த என் கைக்கு அது காய்ச்சல் என்று தெரிந்ததைச் சொல்வதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டான். திரும்ப அழைக்க எண்ணை எடுத்தேன். பையன் இருமிக்கொண்டிருப்பான், தொந்தரவு வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.